மேற்கே சூலம், வழியில் ஹூஸ்டன்

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் யாருடைய அம்மா வந்து இறங்கினாலும், யாருடைய மாமனார் திரும்பிப் போனாலும், என் சித்தப்பாவின் வேன்தான் போகும். மருந்துக் கம்பெனி ஒன்றில் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சித்தி தவறிப்போன பிறகு அவருடைய சனி ஞாயிறெல்லாம் நெவார்க் விமான நிலையத்தில் கரைந்தன. எந்த டெர்மினலில் எந்தக் கதவுக்கு முன்னால் போலீஸ்காரர் உடனே கையை ஆட்டுவார், எந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்சம் பார்த்தும் பார்க்காமல் இருப்பார், வந்தவர்கள் கூப்பிடும் வரை வண்டிகள் காத்திருக்கும் செல்போன் லாட்டில் எந்த விளக்குக் கம்பத்தின் கீழே வண்டியை நிறுத்தினால் கண்ணயரலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அங்கே ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, போனைத் தட்டினால் வரும் டாக்சி இருக்கிறது. இருந்து என்ன? நம் ஆட்கள் விமானத்தை விட்டு இறங்கினால் தெரிந்த முகம் ஒன்று எதிரே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வந்தது வந்ததாகவே ஆகாது. வேலைக்கு நடுவே, குழந்தைகளின் நீச்சல் வகுப்புக்கு நடுவே, அந்தத் தெரிந்த முகத்துக்கு நேரம் கிடைக்காத வீடுகளுக்கெல்லாம் சித்தப்பாதான் தெரிந்த முகம். முன்பின் பார்த்திராத பெரியவர்கள் தானியங்கிக் கதவு திறந்ததும் அவரைக் கண்டு கண் கலங்குவார்கள். அவர் தள்ளுவண்டியை வாங்கிக்கொள்வார். ஊறுகாய் மணக்கும் பெட்டிகளை வேனில் ஏற்றுவார். "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, கால் வீங்கலயே?" என்று கேட்டுக்கொண்டே டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறிவிடுவார்.

அவரை அழைத்து வர மட்டும் யாரும் போனதில்லை. இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அவர் எங்கேயும் பறந்ததில்லை என்பது ஒரு காரணம்.

ஒரு நாள் என் வீட்டுச் சமையல் மேடையில் சாய்ந்து நின்று, தோசைக் கல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஏம்மா, நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

தோசை கருகியது. நான் அடுப்பை அணைத்தேன்.

"எதுக்கு சித்தப்பா, சமையலுக்கா?"

"சமையல் நான் உன்னைவிட நல்லா பண்ணுவேன். அந்தக் கல்லைப் பாரு."

"பின்ன எதுக்கு?"

கருகிய தோசையைக் கல்லிலிருந்து சுரண்டி எடுத்தார். பிறகு, "ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் நான் போன் பண்ணிக் கேக்கறேன், 'லேண்ட் ஆயிட்டீங்களா?'ன்னு. என்னை ஒருத்தராவது அப்படிக் கேக்கணும்ல?" என்றார்.

"நீங்க எங்கயாவது பறந்தாத்தானே கேப்பாங்க."

"கேக்க ஆளில்லாம எதுக்கும்மா பறக்கறது?"

அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். அடுத்த தோசையை ஊற்றினேன்.

பெண், டெக்சாஸில் சுகர் லேண்ட். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கணவர் காலமாகிப் பல வருஷமாகிறது. ஒரே மகன், கலிஃபோர்னியாவில் பிளசன்டனில். இங்கேயே பிறந்து, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பையன். ஆனால் அம்மாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்ததும் அவனுக்குள் எந்தப் பாட்டனார் வந்து புகுந்தாரோ, எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். பெண் பார்ப்பது அவன் வீட்டில்தான். பஜ்ஜி அவன் போடுவான். சொஜ்ஜி அவன் கிளறுவான். வீடியோ பார்த்து ஒரு வாரமாகப் பழகிக்கொண்டிருக்கிறானாம், இரண்டு முறை ரவை பாத்திரத்தோடு கல்லாகிவிட்டதாம். அம்மாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு மகன் தட்டேந்தி வரப்போகும் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் என்ற பதவிக்கு நானும் ஒப்புக்கொண்டேன். பெண் பார்க்கப் போகும்போது ஒரு பெண்ணாவது கூட வர வேண்டும், அதுவும் முறை. சித்தப்பாவுக்கு இருப்பது அண்ணன் மகள் நான் ஒருத்திதான்.

மூன்று நாள் விடுமுறை ஒன்று வந்தது. திங்கள் காலை நல்ல நேரம். ஞாயிறு புறப்பட வேண்டும். அங்கேதான் சூலம் குறுக்கே வந்தது.

சித்தப்பா கோயிலுக்குப் போக மாட்டார். கடவுளைப் பற்றிக் கேட்டால் "டேட்டா பத்தாது" என்பார். ஆனால் அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். தாளைக் கிழிக்கும் முன் அடியில் இருக்கும் பொடி எழுத்தை ஒரு முறை படித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 'சூலம்: மேற்கு. பரிகாரம்: வெல்லம்' என்று இருந்தது. அன்றைக்கு மேற்கே புறப்படக் கூடாது, புறப்பட்டே ஆகவேண்டுமென்றால் வெல்லம் தின்றுவிட்டுப் போ என்று அர்த்தம். நியூ ஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியா மேற்கு. அதற்கும் மேற்கே போனால் கடல்தான்.

"நம்பிக்கையெல்லாம் இல்ல," என்றார் என் முகத்தைப் பார்த்துவிட்டு. "ரிஸ்க் மேனேஜ்மென்ட்."

போனில் வரைபடத்தைத் திறந்து விரலால் கோடு போட்டுக் காட்டினார். "நேராப் போனா மேற்கு. ஹூஸ்டன்ல இறங்கி மாறிப் போனா என்ன ஆகுது? முதல்ல தென்மேற்கு. அப்புறம் வடமேற்கு. ரெண்டுமே மூலை. காலண்டர்ல மூலைக்குச் சூலம் போடல."

"சுகர் லேண்ட் ஹூஸ்டன் பக்கத்துலதானே சித்தப்பா? அவங்க ஊராச்சே."

"அவங்க சனிக்கிழமையே போயிருப்பாங்க. பையன் வீடு. ஒரு நாள் முன்னாடி போய் ஒட்டடை அடிக்க மாட்டாங்களா?"

"பையன் நாம நேரா வர்ற ஃப்ளைட்ல வர்றோம்னு நினைச்சுட்டிருக்கான். சொல்ல வேண்டாமா?"

"சொல்லி? சயின்டிஸ்ட் மாப்பிள்ளை சூலம் பார்த்து ஊரைச் சுத்தி வர்றாருன்னு சிரிக்கவா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு நிபந்தனையும் சேர்த்தார். "இன்னொண்ணு. திங்கட்கிழமை நல்ல நேரத்துக்கு முன்னாடி அந்தம்மா என் கண்ணுல படக் கூடாது. எங்கே, எப்போ முதல்ல பார்க்கறோமோ அதுதான் பெண் பார்த்ததா ஆயிடும். அப்புறம் சாம்பிள் கெட்டுப் போயிடும்."

ஞாயிறன்று எங்களை விமான நிலையத்தில் கொண்டுவிடப் பிஸ்கட்டவேயில் ஆளில்லை. ஆளில்லாமல் இல்லை, யாரிடமும் சொல்லவில்லை. வேனை வாசலில் விட்டுவிட்டு எடிசன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். விமான நிலைய ஸ்டேஷனில் இறங்கி, மேலே ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து வரும் குட்டி ரயிலுக்கு மாறினோம். வாகன நிறுத்தங்களுக்கு மேலே, வாடகைக் கார்களுக்கு மேலே, அவர் பல வருஷமாகக் காத்துக் கிடந்த செல்போன் லாட் இருக்கும் திசையில் அது மிதந்து போயிற்று. சித்தப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தார். அவருக்குக் கீழே யாரோ ஒருவர் வண்டிக்குள் கண்ணயர்ந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

"வீட்டுப் பக்கத்துல ஏறினா டெர்மினல் வாசல்லயே விடறான்!" என்றார். உடனே அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "நம்மாளுங்ககிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

பாதுகாப்புச் சோதனையில் அவருடைய பை மட்டும் தனியாக ஒதுங்கிற்று. திரையில் நடுவில் ஒரு கருப்பு உருண்டை. சோதனைக்காரர் உறை போட்ட கையால் அதை வெளியே எடுத்தார். உருண்டை வெல்லம், இரண்டு கையளவு. சுற்றி வளைத்துப் போனாலும் பரிகாரமும் கையில் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்.

"வாட் இஸ் திஸ், சர்?"

"ஷுகர். ஃபார் கோயிங் வெஸ்ட்."

அவர் எங்கள் போர்டிங் பாஸைப் பார்த்தார். "யூ ஆர் கோயிங் டு ஹூஸ்டன், சர்."

"தட் இஸ் ஒய் ஐ ஆம் நாட் ஈட்டிங் இட்," என்றார் சித்தப்பா.

சோதனைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். எங்கள் பின்னால் வரிசை முழுவதும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து யோசித்தது. பிறகு அவர் வெல்லத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பையில் வைத்து ஜிப்பைப் போட்டார். அப்படி ஒரு மரியாதையோடு வெல்லத்தை நான் எந்தப் பூஜையிலும் கண்டதில்லை.

விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் ஒரு குட்டித் திரை. அதில் ஒரு குட்டி விமானம் வரைபடத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா படம் பார்க்கவில்லை, தூங்கவில்லை. அந்தக் குட்டி விமானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அதன் மூக்கு தென்மேற்கை விட்டுக் கொஞ்சம் மேற்கே திரும்பியபோதெல்லாம் கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். மேற்கே அடி வைத்ததாக ஆகிவிடக் கூடாதாம். பக்கத்துச் சீட்டுக்காரரும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முறை தூக்கிக்கொண்டார்.

ஹூஸ்டனில் இறங்கியபோது வானம் அடுப்பில் ஏற்றி மறந்துபோன பாத்திரத்தின் அடியைப்போல் இருந்தது. இடி. பிறகு மழை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே விமானங்கள் எல்லாம் நனைந்த மாடுகளைப் போல ஒரே பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. அறிவிப்புப் பலகையில் ஒரு வரி மாறியது, அடுத்த வரி மாறியது, கடைசியில் பலகை முழுக்க 'தாமதம்' என்ற ஒரே சொல். விமான நிலையம் என்பது போகிற இடம் என்று நினைத்திருந்தோம். ஒரு மழை வந்தால் தெரிந்துவிடுகிறது, அது உட்காருகிற இடம். சார்ஜர் ஓட்டையைச் சுற்றி ஜனங்கள் குளிர் காய்வதுபோல் குந்தினார்கள். யாரோ கம்பளத்தில் படுத்துவிட்டார்கள்.

எங்கள் கேட்டில் நான் அந்த அம்மாளைப் பார்த்தேன்.

பேச்சு தொடங்கியபோது இரு வீட்டாரும் போன் நம்பரோடு மாற்றிக்கொண்ட போட்டோவில் கண்ட அதே முகம். முன் நெற்றி முடியில் சாயம் பூசாத வெள்ளைக் கீற்று. சுடிதார், வார்டில் நடக்கிற வெள்ளை ஷூ, மடியில் எவர்சில்வர் டப்பா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணின் சிக்குப் பிடித்த சார்ஜர் ஒயரை வாங்கி, டிரிப்ஸ் குழாயைச் சரிசெய்வதுபோல் பொறுமையாகப் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, திரும்பாதீங்க. அவங்க."

"எவங்க?"

"அவங்க. ஒட்டடை அடிக்கப் போகல."

சித்தப்பா திரும்பவில்லை. அப்படியே நின்ற வாக்கில் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார். தொப்பியைப் புருவம் வரை இழுத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் பின்னாலிருந்து துப்பாக்கி வைத்திருப்பதுபோல் நேராக நடந்தார். நான் பெட்டி இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ஹூஸ்டனில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பகுதிக்கு உள்ளேயே டெர்மினலிலிருந்து டெர்மினலுக்கு, தலைக்கு மேலே ஓடும் ரயில் ஒன்று உண்டு. ஓட்டுநர் இல்லை, டிக்கெட் இல்லை. கதவு திறக்கிறது, மூடுகிறது, ஒரு பெண் குரல் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. அதில் ஏறினோம். கடைசி டெர்மினல் வரை போனோம். இறங்காமல் திரும்பி வந்தோம். மறுபடி போனோம். மழை கண்ணாடியில் வழிந்தது. பைலட்டுகள் ஏறி இறங்கினார்கள், குழந்தைகள் ஏறி அழுது இறங்கின. உற்சவ மூர்த்தியைப்போல் சித்தப்பா மட்டும் நடுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தருளியிருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு.

"இப்ப என்ன பண்ணிட்டிருக்காங்க?" என்றார்.

"நான் உங்ககூட ரயில்ல இருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப நீ இறங்கிப் போய்ப் பாரு. நீ பார்க்கலாம். நீ சாம்பிள் இல்ல."

போனேன். வேறு என்ன செய்வது? ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட்டேன். ரயில் ஓசையோடு அவர் குரல் கேட்டது.

"சாப்பிடறாங்க சித்தப்பா."

"என்ன?"

"லெமன் ரைஸ்."

"ஏர்போர்ட்ல வாங்கினதா, வீட்லேர்ந்து கொண்டு வந்ததா?"

"டப்பாலேர்ந்து. உருளைக்கிழங்கு பொரியல்கூட இருக்கு."

மறுமுனையில் ரயிலின் பெண் குரல் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது. "நல்ல மனுஷி," என்றார் சித்தப்பா. பிறகு, "முகம் எப்படிம்மா இருக்கு? சிரிச்சுட்டிருக்காங்களா? என்னைப் பார்க்க வர்றதுல இஷ்டமா இருக்காங்களா, பையன் சொன்னானேன்னு வர்றாங்களா?" என்று கேட்டார்.

பொரியலைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? "இஷ்டமாத்தான் மெல்றாங்க," என்றேன்.

நான் ரயிலுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில், அடுத்த நிறுத்தத்தில், ஜனக்கூட்டம் ஒன்று மேடையில் காத்திருந்தது. எங்கள் விமானத்தின் கேட்டை வேறு டெர்மினலுக்கு மாற்றியிருக்கிறார்களாம். அந்த அறிவிப்பு காதில் விழாத இரண்டே பயணிகள் ரயிலில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நாங்கள்தான். கதவு திறந்தது. பெட்டிகளும் முதுகுப் பைகளும் தலையணைகளும் உள்ளே பொங்கின. சித்தப்பா பிடித்திருந்த கம்பியை, அவர் கைக்குச் சற்றுக் கீழே, இன்னொரு கை பிடித்தது. வெள்ளைக் கீற்று. எவர்சில்வர் டப்பா. கதவு மூடிக்கொண்டது.

சித்தப்பா கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது.

ரயில் குலுங்கியது.

"வெளில இந்த மழை," என்றார்கள் அந்த அம்மாள், கம்பியைப் பார்த்தபடி. "இந்த ஏர்போர்ட்லயே கூலிங் கிளாஸ் போட்டுட்டு நிக்கறது நீங்க ஒருத்தர்தான். பிஸ்கட்டவேதானே?"

சித்தப்பாவின் வாய் திறந்தது, கண் திறக்கவில்லை. "நான் இன்னும் உங்களைப் பார்க்கல."

"நான் பார்த்துட்டேனே. என்ன பண்றது?"

"நேரம் நாளைக்குக் காலைலதான்."

"அதுவரைக்கும் இப்படியே கண்ணை மூடிட்டு வருவீங்களா? கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியாம விழுந்தீங்கன்னா நான்தான் கட்டுப் போடணும்." என் பக்கம் திரும்பினார்கள். "இவங்க உங்க அண்ணன் பொண்ணா? தூணுக்குப் பின்னாடி நின்னு கமென்ட்ரி குடுத்துட்டிருந்தாங்க. லெமன் ரைஸ் வரைக்கும் காதுல விழுந்துச்சு."

எனக்கு அவர்களை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஆன்ட்டி என்றால் வயதில் அவ்வளவு தூரமில்லை. சித்தி என்றால் இன்னும் பஜ்ஜியே போடவில்லை. "வாங்க," என்றேன், ரயில் என் வீடு மாதிரி.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். மெல்லக் கண்ணைத் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரயிலில் நின்ற அத்தனை பேருக்கும், ஒரு சொல்கூடப் புரியாமலே, ஏதோ நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் தன் பெட்டியை நகர்த்தி அவர்களுக்கு இடம் விட்டார்.

பிறகு சித்தப்பா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஞாயிறு, மேற்கு, மூலை, வெல்லம், பையனிடம் மறைத்தது. அவர்கள் முழுக்கக் கேட்டார்கள்.

"அதாவது," என்றார்கள், "என்னைப் பார்க்க வர்றதுக்கு, என் ஊரு வழியா, என்னைப் பார்க்காம போகப் பார்த்திருக்கீங்க."

"அப்படிச் சொன்னா கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார் சித்தப்பா.

"எனக்கு சனிக்கிழமை ட்யூட்டி. அதனால ஞாயித்துக்கிழமை. என் பஞ்சாங்கம் அவ்வளவுதான்."

புதிய கேட்டில் மூன்று இருக்கைகள் கிடைத்தன. நான் போய்க் காபியும் உப்புத் தூவிய ப்ரெட்சலும் வாங்கி வந்தேன். காகிதத் தட்டில் வைத்து நீட்டும்போதுதான் உறைத்தது, மாப்பிள்ளை வீட்டுப் பெண் பலகாரம் கொண்டு வருகிறாள். எதுவுமே இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"இனிப்பு இல்லாம பொண்ணு பார்ப்பாங்களா?" என்றார்கள் அவர்கள்.

சித்தப்பா பையைத் திறந்து வெல்லத்தை எடுத்தார். கொஞ்சம் தயங்கினார். "இது மேற்குக்காக வெச்சிருந்தது."

"நாம எல்லாருமே மேற்கேதானே போறோம்?" வாங்கி ஒரு மூலையைக் கடித்துக்கொண்டார்கள். "சரி, சொல்லுங்க. எதுக்கு இந்த வயசுல கல்யாணம்?"

தோசைக் கல்லைப் பார்த்துச் சொன்னதை இப்போது ப்ரெட்சலைப் பார்த்துச் சொன்னார். வேன், நெவார்க், 'லேண்ட் ஆயிட்டீங்களா?'. சொல்லி முடித்ததும் அவருடைய காது மடல் சிவந்திருந்தது. அறுபது தாண்டிய மனிதர், கரையாத மாத்திரையைப்போல் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் வெல்லத்தை மென்று விழுங்கிவிட்டு, "நான் வேலையை விட மாட்டேன். சுகர் லேண்டையும் விட மாட்டேன்," என்றார்கள். "தினம் ஃப்ரீவேல போய் ஃப்ரீவேல வர்றவ நான். வீட்ல வந்து காத்துட்டிருக்க எனக்கு வராது."

"காத்திருக்கறது எனக்கு நல்லா வரும்," என்றார் சித்தப்பா. "ஹூஸ்டன்லயும் ஏர்போர்ட் இருக்கே."

"ரெண்டு இருக்கு."

"ரெண்டா?"

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஊருக்கு இரண்டு நதி என்று கேள்விப்பட்ட உழவனுக்கு அப்படி ஒரு முகம் வாய்க்கலாம்.

மழை விட்டது. விமானம் ஏறலாம் என்று அறிவித்தார்கள். அப்போது சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஞாயிறு மாலை. ராகு காலம் தொடங்கப்போகிறது. அதைவிட மோசம், மேற்கே பறக்கப்போகிறோம். சூரியனும் மேற்கே போகிறது. போகப் போகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்வார்கள்.

"ராகு காலம் முடியவே முடியாது," என்றார் பேயறைந்த மாதிரி. "அது நம்மகூடவே பறந்து வரும். பிளசன்டன் வரைக்கும்."

அந்த அம்மாள் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினார்கள். "ஜன்னல் மூடியை இழுத்து விட்டுடுங்க. யார் உள்ள இருக்காங்கன்னு ராகுவுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள்.

விமானத்தில் ஏற அவர்களுடைய குழுவை முதலில் கூப்பிட்டார்கள். போய்விட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலயேம்மா," என்றார் சித்தப்பா. எங்கள் குழுவைக் கூப்பிட வெகு நேரம் ஆயிற்று. அதுவரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூலத்தைப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாது. இல்ல, கண்ணை மூடினது தப்பு. எதுன்னு நினைக்கறே?"

"எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா கூலிங் கிளாஸ்தான் சித்தப்பா."

விமானத்தில் அவர்கள் எங்களுக்குச் சில வரிசைகள் முன்னால். சித்தப்பா உட்கார்ந்ததும் ஜன்னல் மூடியை இழுத்து விட்டார். நான் எக்கிப் பார்த்தேன். எல்லோருடைய ஜன்னலிலும் மழை கழுவிய மஞ்சள் வெயில், மேகக் கோட்டைகள், ஆரஞ்சு விளிம்பு. முன்னால் அவர்களுடைய ஜன்னல் மட்டும் இழுத்து மூடியிருந்தது. அது தூங்குவதற்கா, ராகுவுக்கா? சித்தப்பாவிடம் சொல்லவில்லை. தப்பான ரிசல்ட்டை எப்படிக் கொடுப்பது? அந்தப் பயணம் முழுக்க அவர் குட்டித் திரையைப் பார்க்கவில்லை. காலைத் தூக்கவுமில்லை. சூலமெல்லாம் போய்விட்டது, வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் விமானம் விரிகுடாத் தண்ணீரில் இறங்கிவிடுவதுபோல் பாவனை செய்து, கடைசி நொடியில் தரையைக் கண்டுபிடித்தது. சக்கரம் தட்டியது. எல்லோருடைய போன்களும் உயிர் பெற்றன. சித்தப்பாவின் சட்டைப் பையிலும் ஒன்று கிணுங்கியது. அவருக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

'லேண்ட் ஆயிட்டீங்களா?'

முன்னால் எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கீற்று அசையவில்லை.

சித்தப்பா ஒற்றை விரலால் 'ஆமா' என்று அடித்தார். அழித்தார். 'ஆயிட்டேன்' என்று அடித்தார். அனுப்பினார். பிறகு கூலிங் கிளாஸை எடுத்துத் துடைத்தார், அதில் அழுக்கு ஒன்றுமில்லை. உடனே அடுத்தது வந்தது. 'பையன் வெளியே பூங்கொத்தோட நிக்கறான். சொஜ்ஜி இன்னிக்குத்தான் கல்லாகாம வந்திருக்காம். அவன்கிட்ட எதையும் சொல்ல வேண்டாம். நீங்க பத்து நிமிஷம் கழிச்சு வாங்க. நான் போய் நிக்கணும்.'

பத்து நிமிஷம் எங்கே போவது? அந்த விமான நிலையத்தில் யோகா செய்வதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. மங்கிய வெளிச்சம், மரத்தரை, சுவரில் கண்ணாடி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். ஓர் அமெரிக்கர் பிணம்போல் மல்லாந்து கிடந்தார். சித்தப்பா கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டார். தொப்பியை மாட்டினார், கழற்றினார்.

"அவங்க போய் நிக்கறேன்னு சொல்றாங்கம்மா," என்றார் தரையில் கிடந்தவரையும் என்னையும் பார்த்துப் பொதுவாக. "எனக்காக."

"ஷ்ஷ்," என்றார் தரையில் கிடந்தவர்.

வெளியே வந்தோம். கண்ணாடிக் கதவு திறந்தது. எதிரே காத்திருக்கும் ஜனங்களின் வரிசை. அதில் ஓர் உயரமான பையன், பூங்கொத்து. பக்கத்தில் அவன் அம்மா, கொஞ்சம் மூச்சு வாங்கியபடி, எங்களை அதற்குமுன் இந்த ஜென்மத்தில் பார்த்ததே இல்லை என்ற முகத்தோடு கை கூப்பினார்கள்.

"ஃப்ளைட் லேட்டா?" என்று கேட்டார்கள்.

"கொஞ்சம்," என்றார் சித்தப்பா.

"வெல்கம், அங்கிள்!" பையன் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். "நெவார்க் ஃப்ளைட் அந்தப் பக்கம்தானே? ஹவ் கம் யூ கேம் ஃப்ரம் ஹியர்?"

"சுத்தி வந்தோம் தம்பி," என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் பாதியைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கழித்தவர். வந்து சேர்ந்தவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள்? அவருக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போனார். காத்திருப்பவர்களின் வரிசையில், அந்த அம்மாளின் பக்கத்தில் போய், கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர்களும் கதவைப் பார்த்தார்கள். பூங்கொத்தும் வெள்ளைக் கீற்றும் தோளோடு தோளாக நின்றன. வேறு வழியில்லாமல் நானும் போய் நின்றேன். பையனும் நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குனிந்து, மரியாதையாக, சித்தப்பாவின் காதில் கேட்டான்.

"அங்கிள், ஹூ ஆர் வீ வெயிட்டிங் ஃபார்?"

கதவு திறந்தது. ஊறுகாய் மணக்கும் பெட்டிகளோடு யாருடைய அம்மாவோ வந்தார்கள். சித்தப்பா பூங்கொத்தைப் பக்கத்தில் நின்ற பையனின் அம்மா கையில் கொடுத்துவிட்டு, வந்தவரின் தள்ளுவண்டியை வாங்கிக்கொள்ள முன்னால் போனார்.